சகலையின் ஐம்பத்தாறு

சகலை நல்ல மனுஷர். அவனுடைய கஷ்டமே அங்கேதான் ஆரம்பித்தது. கெட்டவராக இருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நல்லவர்மேல் பொறாமைப்படுவதைப் போல அவஸ்தை வேறு கிடையாது. பொறாமையும் பட வேண்டும், பட்டதற்காக வெட்கமும் பட வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை.

அக்காவைக் கட்டியவர் சகலை. பல் டாக்டர். தங்கையைக் கட்டியவன் அவன். மருந்துக் கிடங்கில் வேலை. அந்தக் கிடங்கில் ஒன்பது குளிர் அறைகள். ஊசி மருந்து, சொட்டு மருந்து, கண் மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிர் வேண்டும். சட்டைப் பையில் பேனா அளவுக்கு ஒரு தெர்மாமீட்டரும் கையில் ஓர் அட்டையுமாக அந்த ஒன்பது அறைகளுக்குள்ளும் நாளைக்கு நாலு தடவை போய் வருவதுதான் அவன் உத்தியோகம். கிடங்கில் அவனுக்குத் தெர்மாமீட்டர் என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவனுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் யாராவது அட்டையில் வெறும் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் போச்சு.

"நாலு டிகிரின்னு எழுதியிருக்கீங்களே, எங்க நாலு? கதவுகிட்டயா, மூலையிலயா? வெளிய எவ்வளவு இருந்துது? இது எதுவும் தெரியாம வெறும் நாலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டு அட்டையைக் கிழித்துப் போடுவான். பதினோரு வருஷமாக இதே கேள்வி. கிடங்கில் எல்லோருக்கும் மனப்பாடம். கதையை மேலே சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அவன் மறந்துபோனான்.

அவன் மனைவி கட்டடங்களுக்குப் படம் போடுகிறவள். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத கட்டடம், கட்டி முடித்த பிறகு எப்படி இருக்கும் என்று வெயில், நிழல், கண்ணாடி, வாசலில் நடந்துபோகிற ஆள் வரைக்கும் கம்ப்யூட்டரில் காட்டிவிடுவாள். அப்படி ஒரு படத்தை முடித்துக் கொடுக்கக் கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் உள்ளே கொதிக்கும். பழைய பெட்டி அறைக்குள் மிக்ஸி ஓடுவது மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் ஆனால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டுதான் அறையைவிட்டு வெளியே வருவாள்.

அவளுக்காகத்தான் அவன் தண்ணீரில் குளிர்கிற பெட்டியைக் கட்டினான். அது நிஜம். அந்தப் புண்ணியத்தை அவனிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. எட்டு மாதம் பிடித்தது. விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கம்ப்யூட்டருக்கு மூளையான, சூடாகிற சில்லின்மேல் ஒரு செம்புக் கட்டை உட்கார்ந்திருக்கும். கட்டைக்குள் மயிரிழை மயிரிழையாக வாய்க்கால். பம்ப் தள்ளுகிற தண்ணீர் அந்த வாய்க்காலில் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்றாடிகள் ஆற்றிவிடும். ஆறிய தண்ணீர் மறுபடி கட்டைக்கு வரும். அவ்வளவுதான். ஆனால் கரண்ட் ஓடுகிற இடத்துக்கு நடுவே தண்ணீர் ஓடுகிறது. ஒரு சொட்டு வழி தவறினால் கதை முடிந்தது.

அதனால் குழாயின் கடைசி இணைப்பை முறுக்கியதும் ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, இருபத்துநாலு மணி நேரம் ஓடவிட்டான். நடுநடுவே வந்து ஒவ்வொரு தாளாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தான். கை ஏமாற்றும், கன்னம் ஏமாற்றாது. ஒரு தாளிலும் பொட்டு ஈரம் இல்லை. மறுநாள் அவள் தன் படத்தை ஓடவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் அறுபத்தெட்டு டிகிரி என்று நின்றது. நின்றது நின்றதுதான்.

"இது நல்லதா?" என்று அவள் கேட்டாள்.

"தொண்ணூறு வரைக்கும் பயமே இல்ல. இது அறுபத்தெட்டு. நீ நிம்மதியா வேலை பாரு."

சத்தமே இல்லை. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அவள் பெட்டியின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். அந்த ஒரு வாரம் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த மாதம் சகலை வந்தார். பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு சாமானும் என்ன, எங்கே வாங்கியது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவனும் வஞ்சகமில்லாமல் சொன்னான். அவர் போன பத்தாவது நாள், குடும்பத்துக்கென்று போனில் இருக்கிற குழுவில் ஒரு படம் வந்தது. அதே பெட்டி. அதே பம்ப். அதே செம்புக் கட்டை. அவன் எட்டு மாதம் கட்டியதை மனுஷர் பத்து நாளில் கட்டியிருந்தார். குழாய் மட்டும் வேறு. இவன் போட்டது வளைந்து கொடுக்கிற ரப்பர்க் குழாய். அவர் போட்டிருந்தது கண்ணாடி மாதிரி விறைப்பான குழாய், சூடு காட்டி மூலைக்கு மூலை வளைத்தது. திரையில் ஐம்பத்தாறு.

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஐம்பத்தாறுதான்.

மாமியார்தான் முதலில் பேசினார். அந்த அம்மாளுக்குக் கம்ப்யூட்டரில் எது வால் எது தலை என்று தெரியாது. ஆனால் எண் என்று ஒன்று வந்துவிட்டால் யாருக்கு எத்தனை என்று தெரிந்தாக வேண்டும்.

"குறைஞ்சா நல்லதா, கூடினா நல்லதா?" என்று குழுவில் குரல் பதிந்து அனுப்பினார்.

"குறைஞ்சா நல்லது அத்தை," என்றார் சகலை.

"அப்படியா. சின்ன மாப்பிள்ளை, உங்களுது எத்தனை?"

அவனுக்குப் பதிலாக அவன் மனைவி, பாவம், பெருமையாகவே, "அறுபத்தெட்டும்மா" என்று போட்டாள். ஒருவர் பின் ஒருவராகச் சகலைக்குக் கட்டைவிரல் காட்டினார்கள். சகலையைத் தவிரக் குழுவில் பதினேழு பேர். பதினாறு கட்டைவிரல்.

அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். சாப்பிட உட்கார்ந்தால் ஐம்பத்தாறு. பல் தேய்த்தால் ஐம்பத்தாறு. பல் தேய்க்கும்போது இன்னும் அதிகம், ஏனென்றால் பல்லைப் பார்த்தால் சகலை ஞாபகம். போதாக்குறைக்கு மனைவி அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்து, "அத்தான் குழாயை எப்படி வளைச்சிருக்கார் பாருங்களேன். பல்லுக்குக் கம்பி போடுற கை இல்லையா," என்றாள். சொன்னவள் அடுத்த நிமிஷம் மறந்துவிட்டாள். அவன் மறப்பானா?

முதலில் சகலை அவசரக் குடுக்கையாக இருப்பார் என்று நினைத்தான். தண்ணீர் சூடேற நேரம் எடுக்கும். முதல் அஞ்சு நிமிஷத்தில் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான். அரை மணியாவது முழு வேலை கொடுத்து ஓட்டினால்தான் உண்மையான சூடு தெரியும். போன் போட்டு, சும்மா கேட்பது மாதிரி, "எவ்வளவு நேரம் ஓட்டினீங்க சகலை?" என்றான்.

"ஒரு மணி நேரம் ஓட்டினேன் சகலை. நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க, அஞ்சு நிமிஷக் கணக்கெல்லாம் கணக்கே இல்லைன்னு. அதான். நீங்க ஒரு நாள் வந்து பாருங்களேன்."

சொல்லிக் கொடுத்ததே திரும்பி வந்து முகத்தில் அடித்தது. வருகிறேன் என்று சொல்லி வைத்தான். போகவில்லை.

மூன்று மாதம் போகவில்லை. கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு என்றான். தலைவலி என்றான். வண்டி டயர் என்றான். மனைவி மட்டும் தனியாக ஒரு தரம் போய் அக்காவைப் பார்த்துவிட்டு, கூடத்திலேயே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். அவனால் அந்த ஐம்பத்தாறை நேரில் பார்க்க முடியாது. வாரத்துக்கு ஒரு படம் குழுவில் வந்துகொண்டே இருந்தது. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. மறுபடி ஐம்பத்தாறு. இவன் இங்கே சில்லுக்கும் செம்புக்கும் நடுவே தடவுகிற பசையை மூன்று தடவை துடைத்து மூன்று தடவை தடவினான். காற்றாடிகளைத் திருப்பிப் போட்டான். பெட்டியின் பக்கத்துக் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டினான். அறுபத்தெட்டு. ஒரு நாள் அறுபத்தேழு. அன்றைக்குச் சந்தோஷமாகப் படுத்தான். மறுநாள் அறுபத்தெட்டு.

அதற்கிடையில் மனைவிக்கு நல்ல காலம் பிறந்தது. இத்தனை வருஷமும் அவள் போட்ட படங்கள் எல்லாம் வேறு யாரோ ஒருவர் பெயரில்தான் போயின. இப்போது ஒரு நூலகக் கட்டடத்துக்கு நேராக அவளையே கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் பெயர். வியாழக்கிழமை மதியத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் வேறொருவரிடம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓட்ட ஆரம்பித்தால் புதன்கிழமைக்குள் முடிந்துவிடும், ஒரு நாள் கையிருப்பு இருக்கும் என்று அவள் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை அன்று சகலையின் படம் வந்தது. ஐம்பத்தைந்து.

"உன் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பெட்டியை ஒரு தடவை பிரிச்சுச் சுத்தம் பண்ணிடறேன்," என்றான் அவன்.

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது."

"அறுபத்தெட்டு காட்டுது. மூணு நாள் விடாம ஓடணும் இல்ல? நடுவுல நின்னு தொலைச்சா என்ன பண்றது? உனக்காகத்தான் சொல்றேன்."

அவள் காலண்டரில் போட்ட பென்சில் குறியைப் பார்த்தாள். பிறகு, "சூடு விஷயத்துல உங்களுக்குத் தெரியாததா. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிச்சுடுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நூலகம் வரப்போகிற காலி மனையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவர வெளியே போனாள். அவன் தண்ணீரை வடித்தான். குழாய்களைக் கழற்றினான். செம்புக் கட்டையின் நாலு திருகையும் எடுத்து மூடியைத் திறந்தான். வாய்க்கால்களில் அழுக்கு அடைத்திருக்கும் என்று நம்பித்தான் திறந்தான். உள்ளே கட்டை பளபளவென்று சிரித்தது. ஒரு தூசி இல்லை. அவன் எட்டு மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டியது, எப்படி இருக்கும்? அப்போதாவது மூடிவிட்டு எழுந்திருக்கலாம். பிரித்ததற்கு ஒரு பலன் வேண்டாமா என்று பல் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து, இல்லாத அழுக்கைத் தேய்த்தான்.

திரும்ப மூடும்போது மணி மூன்று. மூடிக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய ரப்பர் வளையம் உட்கார வேண்டும். உட்கார்ந்தது என்று நினைத்துத் திருகை முறுக்கினான். டிஷ்யூ பேப்பர் வைத்தான். பம்பை ஓடவிட்டான். இருபத்துநாலு மணி நேரம் எங்கே இருக்கிறது? இருபது நிமிஷம் பார்த்தான். தாளைக் கையால் தொட்டான், காய்ந்திருந்தது. கன்னத்தில் ஒற்றவில்லை. ஐந்து மணிக்குள் அவளுக்குப் பெட்டி வேண்டும் என்பது ஒரு காரணம். அந்த எண்ணைப் பார்க்காமல் இனி ஒரு நிமிஷம் இருக்க முடியாது என்பது இன்னொரு காரணம். பெரியது இரண்டாவதுதான்.

ஓட்டினான். அஞ்சாவது நிமிஷம் அறுபத்தொன்று காட்டியது.

அஞ்சு நிமிஷக் கணக்கு கணக்கே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன், போனை எடுத்து அந்த அறுபத்தொன்றைப் படம் பிடித்தான். குழுவில் என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது திரை அணைந்தது. தண்ணீர் சூடேறியதும், மடிந்து உட்கார்ந்திருந்த வளையத்தின் ஓரமாகக் கசிந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே செருகியிருந்த கிராபிக்ஸ் கார்டின்மேல் இறங்கியிருந்தது. கருகிய வாசனை வந்தது. டிஷ்யூ பேப்பர் நனைந்து துவண்டு கிடந்தது.

அவள் வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து ஹேர் டிரையரால் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டிஸ்க்?" என்றாள்.

"டிஸ்க் இருக்கு. நீ போட்டது எல்லாம் பத்திரமா இருக்கு. கார்டு போச்சு. போர்டும் போச்சுன்னு நினைக்கறேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் அழவில்லை.

"நல்லவேளை," என்றான் அவன். "இப்பவே தெரிஞ்சுது. ஓடிட்டிருக்கும்போது நடுவுல ஆகியிருந்தா..."

வாய் கூசவில்லை. அவளும் தலையை ஆட்டினாள். அவன் சொன்னதை நம்பித்தான் ஆட்டினாள். அதுதான் அவனுக்கு ரொம்பச் சுட்டது.

"அத்தான் வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

"வேற யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கலாமே."

"அதே மெஷின், அதே சாமான். டிஸ்கை மாட்டினா ஓடப்போகுது. இதை விட்டுட்டு வேற எங்கங்க போய் நிக்கறது?"

திங்கட்கிழமை காலையில் போனார்கள். அவன் மதியத்துக்குமேல் கிடங்குக்குப் போக வேண்டும். அதனால் வேலைக்குப் போகிற சட்டையிலேயே போனான்.

கதவைத் திறந்த மனைவியின் அக்கா, "வாங்க தம்பி, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டு ஒரு குத்து குத்தினாள். சகலை முகம் மலர்ந்து ஓடி வந்தார். விஷயத்தை முழுதாகக் கேட்கக்கூட இல்லை, "ஐயோ, இதுக்கு என்ன கேள்வி, எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்க," என்று மச்சினியிடம் சொல்லிவிட்டு, உள்ளே இருந்த சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதே கதவுக்குப் பின்னால் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இவருக்கு எப்பவும் வேர்த்துக் கொட்டும். ஏசி இல்லாம ஒரு நிமிஷம் ஆகாது," என்றாள் அக்கா வாசலிலேயே நின்றபடி. "நான் இந்த ரூமுக்குள்ள காலே வெக்கறதில்ல. நீங்க பாருங்க, நான் டீ போடறேன்."

பெட்டி மேஜையில் இருந்தது. மூன்று மாதமாக அவனைத் தின்ற பெட்டி. நேரில் இன்னும் அழகாக இருந்தது. குழாய்கள் அளவெடுத்து மடித்த மாதிரி மூலைக்கு மூலை திரும்பின. ஒரே ஒரு வளைவில் மட்டும் உள்பக்கமாக ஒரு சின்னச் சுருக்கம் இருந்தது. அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அந்தச் சுருக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. சகலை டிஸ்கை மாட்டிக் கொடுத்துவிட்டு டீ என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனார். அவள் முதல் படத்தை ஓடவிட்டாள்.

அவன் திரையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. ஏறு, இன்னும் ஏறு என்று மனசுக்குள் தள்ளினான். மனைவியின் பிழைப்பு அந்தப் பெட்டிக்குள் ஓடுகிறது, அது இன்னும் கொஞ்சம் சூடாகட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறான். பொறாமைக்கு ஏது வெட்கம்? நாற்பது நிமிஷத்தில் ஐம்பத்தாறுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

அவனுக்குப் பல் கிடுகிடுவென்று ஆடியது. பொறாமையால் என்றுதான் முதலில் நினைத்தான். அப்புறம்தான் காது மடல் மரத்துப்போயிருப்பது தெரிந்தது. எந்தக் குளிர் அறைக்குள் நுழைந்தாலும் தானாகச் சட்டைப் பைக்குப் போகிற கை, இப்போதும் போனது. தெர்மாமீட்டரை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தான். நிமிர்ந்து பார்த்தான். ஏசி சரியாக ரேடியேட்டருக்கு மேலே இருந்து ஊதிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் கழித்துக் கையைப் பார்த்தான்.

பதினேழு.

வீட்டில் மனைவியின் அறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறான். மூன்று மாதமாக அது முப்பத்தொன்றைவிட்டு இறங்கவில்லை. அந்த அறைக்குக் காற்றாடி மட்டும்தான். தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிராது. ரேடியேட்டர் ஆற்றுவதே அந்தக் காற்றை வைத்துத்தான். அறைச் சூட்டுக்குமேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் பெட்டியின் தரம். ஐம்பத்தாறில் பதினேழு போனால் முப்பத்தொன்பது. அறுபத்தெட்டில் முப்பத்தொன்று போனால் முப்பத்தேழு.

முப்பத்தேழு. அவனுடையது இரண்டு டிகிரி நல்ல பெட்டி. முதல் நாளிலிருந்தே நல்ல பெட்டி.

எங்கே அளந்தது, வெளியே எவ்வளவு என்று பதினோரு வருஷமாக அட்டையைக் கிழித்தவன், வெறும் ஐம்பத்தாறைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் அழுதிருக்கிறான். ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும். ஆனால் அதற்காக வருத்தப்பட இப்போது அவனுக்கு நேரமில்லை. நெஞ்சு குளிர்ந்துபோயிருந்தது. ஏசியால் அல்ல. போனை எடுத்துக் குடும்பக் குழுவைத் திறந்து, குளிர்ந்த விரலால் எழுதினான். சகலை ரூம் பதினேழு, எங்க ரூம் முப்பத்தொண்ணு, கழிச்சுப் பாத்தா... எழுதும்போதே மாமியாரின் குரல் காதில் கேட்டது. பதினாறு கட்டைவிரலும் தெரிந்தன.

"எவ்வளவு காட்டுது?" என்றாள் மனைவி. ஸ்வெட்டர் கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு அவன் கையில் இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு."

"நம்ம ரூம் முப்பத்தொண்ணு இல்ல?"

நாள் முழுக்க அளவுகளோடு புழங்குகிறவள். காகிதம் வேண்டியிருக்கவில்லை. திரையைப் பார்த்தாள், தெர்மாமீட்டரைப் பார்த்தாள், உதடு மட்டும் அசைந்தது.

"இது முப்பத்தொன்பது. நம்மளுது முப்பத்தேழு."

"ம்."

"அப்ப நம்மளுதுதான் நல்லா இருந்திருக்கு."

உலகத்தில் அவன் கேட்க ஏங்கிய ஒரே வார்த்தை அது. கேட்காமலேயே அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் அவள் பேசி முடிக்கவில்லை.

"அப்ப எதுக்குப் பிரிச்சீங்க?"

முப்பத்தேழு என்பது ஜெயித்த எண் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தான். பிரித்ததற்கு ஒரு காரணமும் இல்லை என்று சொல்கிற எண்ணும் அதுதான் என்பது அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

"எனக்கு இந்தக் கணக்கு இப்பதான் தெரிஞ்சுது," என்றான்.

"சரி. ஆனா தொண்ணூறு வரைக்கும் பயமே இல்லைன்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க. அறுபத்தெட்டுக்கு எதுக்குப் பிரிச்சீங்க?"

ஏசி ஊதிக்கொண்டிருந்தது. திரையில் நூலகத்தின் படிக்கட்டு கோடு கோடாக வந்துகொண்டிருந்தது.

"அத்தானோடது அம்பத்தஞ்சுன்னு வந்துது," என்றான். "என்னால தாங்க முடியல."

"எனக்காகன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதிப் படிக்கட்டு வந்திருந்தது. பன்னிரண்டில் முதல் படம். கையிருப்பாக வைத்திருந்த ஒரு நாள் போய்விட்டது. வியாழக்கிழமை மதியம்வரை அவள் இந்தக் குளிரில், இந்த ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தால் முடியலாம்.

சகலை டீத்தட்டோடு உள்ளே வந்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"என்ன சகலை, எவ்வளவு காட்டுது?"

மனைவி திரும்பவில்லை. அவன் பதிலுக்காக அவள் முதுகு காத்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. போனில் எழுதியது அப்படியே இருந்தது. அனுப்ப ஒரு விரல் போதும். அழிக்கத்தான் நேரமாயிற்று. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

"அம்பத்தாறு சகலை," என்றான். "உங்களுதுதான் கம்மி. நல்லாக் கட்டியிருக்கீங்க."

சகலை தட்டை மேஜையில் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு மாசமா படம் போடறேன் சகலை. எல்லாரும் கட்டைவிரல் காட்டறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? உங்ககிட்ட இருந்து ஒரு வார்த்தை வரல. தப்பாக் கட்டிட்டேனோ, சொன்னா வருத்தப்படுவேன்னு பேசாம இருக்கீங்களோன்னு பயம். அதான் வாரா வாரம் போட்டுப் பாத்தேன்."

சொல்லிவிட்டு, இப்போது தாங்காத சந்தோஷத்தில், திரையை ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டார். சகலையே நேர்ல வந்து பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டார் என்று கீழே எழுதினார். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்தினான். பதினேழு பேரில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. முப்பத்தேழு நாக்கு நுனியில் வந்து நின்றது. டீயோடு சேர்த்து விழுங்கினான்.

இரண்டு நிமிஷத்தில் மாமியாரின் குரல் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சகலையே போனில் போட்டார்.

"ரொம்ப சந்தோஷம். சின்ன மாப்பிள்ளை, உங்களுது இப்ப எத்தனை?"

அவன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஸ்வெட்டருக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து, தன் போனில் எழுதினாள். அது அவன் கையில் இருந்த போனுக்கு வந்தது.

"எங்களுது ஓடலைம்மா. நல்லாத்தான் இருந்துது."